மனாமாவில் விழுந்த வேளைக்காரன்

பெற்றோருக்குப் பொழுதுபோக்கு இருப்பதில் தவறில்லை. ஆனால் அது வீட்டு வாசலைத் தாண்டிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குள் போகக் கூடாது. தபால்தலை சேர்க்கிற அப்பனைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். மீன் தொட்டி வைத்திருக்கிற அப்பனைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பதினோராம் நூற்றாண்டுக் காலாட்படை வீரனாக உடுத்திக்கொண்டு பள்ளி மைதானத்தில் வந்து நிற்கிற அப்பனைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மனது எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. என் மகளுக்கும் கிடையாது.

நான் பஹ்ரைனில் ஏசி டக்ட்டுகளுக்கு வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். மனாமாவில், குதைபியா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் குடியிருக்கிறோம். பகலெல்லாம் என் சூப்பர்வைசர் "பாய், ஜல்தி, ஜல்தி" என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் சோழர் படையில் சேர்ந்துவிடுவேன்.

இதை நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது (நினைத்தவர்களோடு நான் பேசுவதை நிறுத்திய காலம் உண்டு). நாடகத்தில் வெல்வெட்டும் ஜிகினாவும் இருக்கும். நாங்கள் கல்வெட்டையும் சிற்பத்தையும் பார்த்து, அந்தக் காலத்து வீரன் எந்தத் துணியை எந்தத் தையலில் உடுத்தியிருப்பான் என்று சண்டை போட்டு, அதே மாதிரி கையால் தைத்து, உடுத்தி, நடந்தும் பார்க்கிறவர்கள். நாங்கள் என்றால், வளைகுடா முழுவதற்குமாக ஒரு வாட்ஸ்அப் குழு. பாதிப் பேர் அதில் காலை வணக்கம் மட்டும் போடுவார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது வேளைக்காரப் படை. மன்னனுக்கு ஒரு ஆபத்து என்றால் தன் உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்த மெய்க்காவல் படை அது. உரிய வேளையில் உயிரைக் கொடுப்பவன் வேளைக்காரன். (இது எங்கள் குழுவின் விளக்கம். வேறு விளக்கம் சொன்ன ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம்.) இதில் உள்ள ளகரம் முக்கியம். அதை லகரமாக்கினால் மெய்க்காவலன் பாத்திரம் கழுவுகிறவனாகிவிடுவான்.

சவூதியில், ஜுபைலில் ஒரு பிளான்ட்டில் டெக்னீஷியனாக இருக்கும் நண்பன் முருகேசன், அரியலூர்க்காரன், என்னைக் கேட்பான்: "அண்ணே, நீங்க விருதுநகர். பாண்டிய நாடு. சோழனுக்கு எப்படிண்ணே காவல் நிப்பீங்க?"

"வேலைக்கு வந்த இடத்துல யாருக்குத்தான்டா காவல் நிக்கல," என்பேன்.

பஞ்சு வைத்துத் தைத்த பருத்திக் கவச அங்கி ஒன்றை நான் இரண்டு வருடங்களாகக் கையால் தைத்தேன். சோழர் காலாட்படை வெற்று மார்போடுதான் போனது என்று குழுவில் ஒரு கட்சி உண்டு. நான் அங்கிக் கட்சி. ஆராய்ச்சி ஒரு காரணம். என் வயிறு இன்னொரு காரணம்.

என் மனைவி பவானி யாழ்ப்பாணம். ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். மிளகாயே வராத காலத்துச் சமையலைச் செய்து பார்க்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை நான் சொன்னபோது, அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அந்தக் காலத்து ஆளெண்டா நீங்களே விறகில சமைச்சுத் தின்னுங்கோ. என்ர குக்கரைத் தொடாதேங்கோ."

மகள் அப்படியில்லை. உலகமாதேவி என்று பெயர் வைத்தேன். சோழ அரசியின் பெயர். (பவானி பிரசவ மயக்கத்தில் இருந்தபோது பதிந்துவிட்டேன்.) வீட்டில் மாதேவி. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது ஊசியில் நூல் கோத்துத் தருவாள். வெள்ளிக்கிழமை காலையில் கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் துடைப்பக் கட்டைகளோடு போர்ப் பயிற்சி நடக்கும். அவள் சாளுக்கியன். குத்து வாங்கிச் சாவதில் அவளுக்கு அபாரமான ஈடுபாடு இருந்தது. ஒரு தடவை செத்தது போதாமல் எழுந்து வந்து, "அப்பா, திரும்பக் குத்துங்க," என்பாள். எதிர்வீட்டுப் பாகிஸ்தானி பால்கனியிலிருந்து கை தட்டுவார். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த போர்கள் எல்லாம் அந்த இடத்தில் ஜெயித்தவைதான்.

பிறகு அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள். பள்ளியில் தன் பெயரை 'டேவி' என்று ஆக்கிக்கொண்டாள். சாளுக்கியர்கள் எங்கள் பார்க்கிங் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வருடம் பள்ளியில் பாரம்பரிய விழா வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்காரர்களும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் செயலாளரான தனபால் எனக்குப் போன் செய்தார். அவர் இன்சூரன்ஸ் பிடிப்பவர். குரலிலேயே பிரீமியம் இருக்கும்.

"சார், கோலாட்டக் கோஷ்டி கழண்டுக்கிச்சு. நம்ம ஐட்டம் ஒண்ணு வேணும். நான் ராஜா. நீங்க உங்க டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு எனக்குக் காவலா நின்னாப் போதும். அஞ்சு நிமிசம் ஏதாச்சும் பேசுங்க."

நான் அங்கியை வெயிலில் காயப்போட்டேன். அதைப் பார்த்த மாதேவி கதவோரமாக வந்து நின்றாள்.

"அப்பா, ப்ளீஸ். நீங்க வராதீங்க. நான்தான் அன்னிக்கு ஹோஸ்ட் பண்றேன்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நீயே என்னை அறிமுகப்படுத்து."

"அப்பா, நான் சொல்றது உங்களுக்குப் புரியல."

"கூச்சப்படாதே. எழுதித் தர்றேன், பார்த்துப் படி."

எழுதியும் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தின் உச்சம் அது.

வேலுக்காக முருகேசன் ஜுபைலில் ஒரு இரும்பு முனையே அடித்து வைத்திருந்தான். காரில் சவூதியிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வரும்போது சோதனையில் கேட்டிருக்கிறார்கள். சுவரில் மாட்டுகிற அலங்காரம் என்று இவன் சொல்ல, அதிகாரி முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "மாஃபி", அதாவது கிடையாது, என்று சொல்லி வைத்துக்கொண்டாராம். வந்திருந்தாலும் பயனில்லை. பள்ளிக்குள் உலோகம் கூடாது என்று விதி. கடைசியில் சோழப் பேரரசைத் தெர்மாகோல் வேலோடு காக்கும்படி ஆயிற்று.

வெயில் ஏறத் தொடங்கிய மாதம். விழா திறந்த மைதானத்தில். தலைமை விருந்தினர் தாமதம். என் மன்னர் தனபால் வாடகை வெல்வெட்டும், பிளாஸ்டிக் கிரீடமும், கறுப்புக் கண்ணாடியும், ஓட்டப் பயிற்சிக்குப் போகும் ஷூவும் அணிந்து பந்தலுக்குள் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து கோலா குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில், பந்தலுக்கு வெளியே நின்றேன். காவலன் உட்கார மாட்டான். மன்னன் முன்னால் நீர் அருந்தவும் மாட்டான். (இதற்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் இல்லை. நானாக வைத்துக்கொண்டது.) மகளிர் வரிசையில் இருந்து பவானி இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். நான் வேலை நிமிர்த்திப் பிடித்தேன்.

எங்கள் முறை வந்தது. மாதேவி மேடையில் பட்டுப் பாவாடை தாவணியில் நின்றிருந்தாள். ஆங்கிலத்தில் நிகழ்ச்சியைத் தண்ணீர் மாதிரி நடத்திக்கொண்டிருந்தாள். நான் எழுதிக் கொடுத்த 'வேளைக்காரர்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்து, அதற்கு அர்த்தம் தேடி, வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளையின் பொறுப்போடு மொழிபெயர்த்தும் வைத்திருந்தாள். "அடுத்ததாக, சோழ மன்னர்களின் வேலையாட்கள் படை," என்று அழகான ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

மைதானமே சிரித்தது. அப்போது நான் மேடை ஏறினேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் தைத்தவன் நான். நேராகப் போய் அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"வேலை இல்லைம்மா. வேளை. நாக்கை மடிக்கணும். எங்கே, சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். மைக்கை அவள் வாய் அருகே நீட்டினேன்.

"வேலை."

"மடிச்சு. வே...ளை."

"வேலை."

பின் வரிசைப் பையன்கள் ஒன்றுசேர்ந்து "வேலை, வேலை" என்று கத்தினார்கள். அவள் காது சிவந்து போயிருந்தது. "போதும் அப்பா," என்று மெதுவாகச் சொன்னாள். மைக் அதையும் எடுத்து மைதானம் முழுக்கக் கொடுத்தது.

எனக்குப் போதவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, லகரம், ளகரம், மெய்க்காவல், சத்தியம் என்று ஆரம்பித்தேன். அங்கிக்குள் பஞ்சு முழுக்க வியர்வையில் ஊறி, ஈர மெத்தையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல் இருந்தது. பேசப் பேச, முன்வரிசை நாற்காலிகள் மெல்ல வலது பக்கமாகச் சரிந்தன. சரிந்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

கண் திறந்தபோது முதலில் தெரிந்தது ஓட்டப் பயிற்சி ஷூ. உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய என் மன்னர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். தலைமை விருந்தினர் வந்துவிட்டாராம். போட்டோ எடுக்க வேண்டுமாம்.

ஆம்புலன்ஸில் வந்தவர் ஒரு மலையாளி. குனிந்து, "சேட்டா, பேரெந்தா? எந்தா ஜோலி?" என்று கேட்டார். உதட்டில் ஈரமில்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மடிக்கப் பார்த்தேன். மடியவில்லை.

"வேலக்காரன்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வயர்லெஸ்ஸில் அப்படியே சொன்னார். பிறகு அங்கியைக் கழற்றப் பார்த்தார். பட்டனோ ஜிப்போ கிடையாது, எல்லாம் நாடா முடிச்சு. ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற மாதேவியிடம், "மோளே, கட் செய்யட்டே?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவேயில்லை. "கட் இட்," என்றாள்.

பயத்தில் சொன்னாள் என்று பவானி இன்றுவரை சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். சாளுக்கியன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

கத்தரிக்கோல் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் போனது. ஈரப் பஞ்சு கொத்துக் கொத்தாக மைதானத்தில் சிதறியது. ஏதோ நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, வெறும் வேட்டியோடு ஓரத்துக் கட்டிலில் கிடந்தேன். பவானி பட்டுச் சேலையில் வேகமாக உள்ளே வந்தாள். ஒரு நர்ஸ் அவளை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "மேடம், இவர் உங்க வீட்டு வேலைக்காரரா?"

பவானி என்னைப் பார்த்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். காதில் சிக்கியிருந்த பஞ்சையும் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து என்னட்டத்தான் நிக்கிறார்."

நர்ஸ் அதைப் புரிந்துகொண்டாளா, தெரியாது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் என்னை விட்டுவிட்டு மேடத்திடமே சம்மதம் கேட்டாள். எனக்கு ஜூஸ் கொடுக்கலாமா என்பதற்கும்கூட.

யாரோ எடுத்த வீடியோ மூன்று நாடுகளுக்குப் போயிற்று. என் சூப்பர்வைசர் மறுநாளே, "க்யா பாய், ராஜா கா நௌகர், டிராயிங் ரெடி?" என்றார். இப்போதும் ராஜாவின் வேலைக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெற்று மார்புக் கட்சி, அங்கி போட்டு வெயிலில் நிற்க முடியாது என்பது களத்தில் நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்தது. முருகேசன்கூட, "அண்ணே, அவனுங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்று போட்டான். நான் குழுவை விட்டு வெளியேறினேன். யாரும் திரும்பச் சேர்க்கவில்லை.

மறுநாள் காலையில் மாதேவி என்னிடம் பேசினாள், ஆங்கிலத்தில். "டாட், ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள். அதோடு சரி. அம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழ் பொழிகிறாள். "என்னம்மா, சாப்பிட்டிட்டீங்களே?" என்கிறாள். என்னிடம் மட்டும் ஆங்கிலம். தமிழில் தப்பாகச் சொன்னால்தானே திருத்துவீர்கள் என்று அவள் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆனாலும் அது ளகரம்தான், தப்பு தப்புதான். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போது அவள் கனடாவில் இருக்கிறாள். படிப்பு முடித்து, வேலையில் சேர்ந்து, கூட வேலை செய்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பையன் வெள்ளைக்காரன். நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் அவள் இந்தக் கதையைச் சொல்வாளாம். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்களாம். ஆங்கிலத்தில் ளகரம் கிடையாது. அதனால் அவள் சொல்லும் கதையில் அந்தப் பகுதியே இல்லை. அப்பா வேலையாள் உடுப்பில் ஒரு ராஜாவுக்குக் காவல் நின்று மயங்கி விழுந்தார், அவ்வளவுதான் கதை.

போன மாதம் வீடியோ காலில் பையனின் அம்மாவோடு முதல் முறையாகப் பேசினோம். நல்ல மனுஷி. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் கேட்டார்:

"நீங்கள் வளைகுடாவில் ஒரு மன்னரிடம் வேலைக்கு இருந்தீர்களாமே. உங்களை நன்றாக நடத்தினாரா?"

பக்கத்தில் பவானி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் மாதேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். பிறகு, "பரவாயில்லை, நன்றாகத்தான் நடத்தினார்," என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்கு வரும்போது அந்த அரண்மனை உடுப்பிலேயே வர முடியுமா, எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். அது இப்போது என்னிடம் இல்லை என்றேன்.

"அடடா, வேலையை விட்டபோது திருப்பி வாங்கிக்கொண்டார்களா?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஆமாம் மேடம்," என்றேன்.