உள்ளுக்கு ஒரு கோட்டிங்

வாருங்கள், இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். வாசல் பக்கம் மட்டும் காலை நீட்டாதீர்கள். இந்தக் கதையில் வருகிற மனுஷன் எந்த நேரமும் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

அவருக்கு இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற தொழில். பட்டறையில் மிஷினைப் பிடித்தால் பொறி பறக்கும். வாயைத் திறந்தால் அதைவிட அதிகமாகப் பறக்கும். அதனால் தெருவே அவரை ‘வெல்டிங்’ என்றுதான் சொல்லும். நேரில் பார்த்தால் பின்னால் ஒரு ‘காரர்’ சேர்த்துக்கொள்ளும். மரியாதை அவ்வளவுதான்.

கோபம் வர அவருக்குக் காரணம் வேண்டாம். செருப்பு ஒன்று இங்கும் ஒன்று அங்கும் கிடந்தால் கோபம். இரண்டும் சேர்ந்து கிடந்தால், எவன் என் செருப்பைத் தொட்டான் என்று கோபம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயைத் திட்டுவார். வந்துவிட்டால், இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று அதற்கும் திட்டு.

ஆனால் அவருடைய ஜென்மப் பகையாளி ஒன்றே ஒன்றுதான். துரு. துருப்பிடித்த கம்பியைப் பார்த்தால், தன் சொத்தைத் தின்ற பங்காளியைப் பார்த்த மாதிரி முகம் மாறும். தேய்த்துத் தேய்த்து இரும்பை வெள்ளையாக்கிவிட்டுத்தான், துரு அண்டாமல் பெயின்டுக்கு முன் பூசுகிற பிரைமர் டப்பாவைத் திறப்பார். அதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. வெள்ளைத் துணியை எடுத்துக் கம்பியில் ஒரு இழுப்பு இழுப்பார். துணியில் பழுப்பு ஒட்டினால், “போய்ச் சுரண்டுடா!” என்று பட்டறை அதிரும்.

அந்த வெள்ளைத் துணி வருவது அவர் மனைவியிடமிருந்து. அந்த அம்மா தையல்காரி. ஜன்னலோரம் மிஷின் போட்டு ஊராருக்கெல்லாம் தைப்பாள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவாள். அந்த ஜன்னலுக்கு நேரே அவர்கள் வீட்டுக் கேட் இருக்கிறது பாருங்கள், அது துருவாலேயே நிற்கிற கேட். ஊர்க் கேட்டையெல்லாம் தேய்க்கிறவருக்குத் தன் கேட்டைத் தேய்க்க மட்டும் நேரமில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். “நாளைக்கு” என்பார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

ஒருநாள் அவளுடைய தம்பி ஒரு பாட்டிலோடு வந்தான். அவன் கையில் எப்போதும் விற்பதற்கு ஏதாவது இருக்கும்.

“மாமா, இரும்பு ஏன் துருப்பிடிக்குது?”

“காத்துல இருக்கிற ஆக்சிஜன். எனக்கே பாடமா? எழுந்து போடா!”

“கோவிச்சுக்காதீங்க மாமா. அதே ஆக்சிஜனைத்தானே நாம மூச்சுல இழுக்கறோம்? அப்ப உள்ள என்ன ஆகும்?”

வெல்டிங்காரர் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

“உள்ளேயும் பிடிக்குமா?”

“பிடிக்கும் மாமா. அதைத் தடுக்கிறதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட். ஒரு கூடைக் காயும் ஒரு கூடைப் பழமும் இந்த ஒரு காப்ஸ்யூல்ல அடக்கம்.”

“அப்ப இது பிரைமர்னு சொல்லு!”

“பிரைமரேதான் மாமா! வெளியே அடிக்கிறது நீங்க. உள்ளுக்கு அடிக்கிறது இது.”

தையல் மிஷின் சடாரென்று நின்றது.

“டேய், போன தடவை முடி வளர்ற சீப்புன்னு ஒண்ணு வித்தியே. உன் மண்டையைக் கண்ணாடியில பார்த்தியாடா?”

“அக்கா, அது வேற கம்பெனி...”

“நீ சும்மா இருடி!” என்றார் வெல்டிங்காரர். “உங்க வீட்டு ஜனத்துல மூளை உள்ள ஒரே ஆள் இவன்தான்!”

தன் பிறந்த வீட்டைப் பற்றி இந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று அவள் எத்தனை காலம் காத்திருந்தாள்! கடைசியில் வந்தது, வரக்கூடாத இடத்தில் வந்தது. அவளுக்கு ஆத்திரத்தில் நூல் கோக்கக்கூட வரவில்லை.

அன்று மதியம் தட்டில் கீரையைப் பார்த்தார். எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில்.

“இனிமே இந்த இலை தழையெல்லாம் எனக்கு வைக்காதே. நான் மனுஷனா, மாடா? காரட்டு, கொய்யா, பப்பாளி எதுவும் என் கண்ணுல படக்கூடாது. எல்லாம் பாட்டில்ல இருக்கு.”

“அப்ப நான் வேலை மெனக்கெட்டு ஆஞ்சு சமைச்சது?”

“நீ தின்னு.”

காப்ஸ்யூலை விழுங்கினார். கொஞ்ச நேரம் காயவிட்டார். ஆமாம், காயவிட்டார்! கையை விரித்து நாற்காலியில் சாய்ந்து, காற்றோட்டமாக உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னொன்று விழுங்கினார்.

“ஒண்ணுதானேங்க போட்டிருக்கு பாட்டில்ல?”

“எந்தக் காலத்துலடி ஒரே கோட்டிங்ல வேலை முடிஞ்சிருக்கு? தொழில் தெரியாதவ பேசாதே!”

மழைக்காலம் தொடங்கியதும் மூன்றாவது கோட்டிங்கும் சேர்ந்தது. ஈரத்தில் துரு வேகமாகப் பிடிக்குமாம்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறொன்று. மனுஷனுக்கு சிகரெட் பழக்கம். விடியும்போது ஒரு இருமல் வரும். அவர் இருமுகிறபோது அடுத்த அறையில் இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். கெஞ்சி, திட்டி, பட்டினி கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைத்திருந்தாள். பாட்டில் வந்ததும் அத்தனையும் பாழாய்ப் போனது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒன்று பற்றவைக்கிறார்.

“என்னங்க, மறுபடியுமா?”

“அதான் பிரைமர் அடிச்சாச்சே! புகை உள்ள போனா என்ன, வழுக்கிக்கிட்டு வெளியே வந்துடும்.”



கொஞ்ச நாளில் அவருடைய உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. பட்டறையில் பெயின்ட் பட்டுவிட்டது என்று நினைத்தார். சோப்புப் போட்டார். போகவில்லை. மண்ணெண்ணெய், பிறகு பெயின்டைக் கரைக்கிற தின்னர். தோல் உரிந்ததே தவிர மஞ்சள் போகவில்லை. “எவன்டா என் கைப்பிடியில மஞ்சள் பெயின்டைத் தடவினவன்?” என்று பட்டறையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். அத்தனை பேர் கையும் கறுப்பாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா. தையல்காரி கூப்பிட்டுக் காட்டினாள். அந்தப் பெண் உள்ளங்கையைப் பார்த்தாள், பாட்டிலை வாங்கிப் படித்தாள், அவர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியையும் பார்த்தாள்.

“அண்ணே, இது பெயின்ட் இல்லை. இந்த மாத்திரையில காரட்டுக்கு நிறம் கொடுக்கிற சத்தைத்தான் அடைச்சிருக்கான். அளவு மீறிப் போனதால கையில ஏறியிருக்கு. நிறுத்தினா தானா வெளுத்துடும்.”

“அப்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்!”

“கேளுங்கண்ணே. காய், பழம், கீரையில இந்தச் சத்து நூறு சத்தோட கலந்து வருது. அப்படிச் சாப்பிடறவங்க நல்லா இருக்காங்க. அதுல ஒண்ணை மட்டும் உருவி மாத்திரையாக் கொடுத்துப் பார்த்தாங்க. அதே பலன் கிடைக்கலை. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு இந்த ரகத்தை அளவுக்கு மேல கொடுத்தப்ப, நுரையீரல் புற்றுநோய் கூடித்தான் போச்சு. உங்களுக்கு இது ஆகவே ஆகாது.”



வெல்டிங்காரர் குதித்தார். “ஊசி போடறவங்களுக்குத் துருவைப் பத்தி என்ன தெரியும்? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என் காதுல பூ சுத்தறீங்களா? கீரை விக்கலைன்னதும் இவ கட்டின கதை இது!”

“நான் எங்கேங்க கீரை விக்கிறேன்? உங்களுக்குத்தானே ஆக்கிப் போடறேன்!”

“எல்லாம் ஒண்ணுதான்!”

பாட்டிலைப் பிடுங்கினார். பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் சாமான் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். தூங்கும்போதும் அதன் மேல் ஒரு கை இருக்கும்.

அன்றிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கும் அவருக்குக் கோபம். “ஏன்டி பேச மாட்டேங்கறே? மனசுக்குள்ள என்னைத் திட்டறியா?”

“சத்தமாத் திட்டினாலே கேட்காதவரை மனசுக்குள்ள திட்டி என்னங்க பிரயோஜனம்?” என்று அவள் பாட்டுக்குப் பட்டன் தைத்தாள்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். உள்ளே இடி முழங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் பழைய கேட் ஒன்றைக் கொண்டுவந்து, சாயங்காலம் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், சுரண்டியெல்லாம் நேரத்தைக் கடத்த வேண்டாம், மேலே பிரைமரைப் பூசிக் கொடுத்துவிடு என்று கேட்டிருக்கிறார். யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

“துருவுக்கு மேல பிரைமரா? எந்த மடையன்யா அடிப்பான்? துருவை உள்ள வச்சு மூடினா அது செத்தா போகும்? மூடின இடத்துல இருந்துக்கிட்டுச் சுகமாத் தின்னும்! வெளியே பளபளன்னு இருக்கும், உள்ள ஓட்டை விழும். முதல்ல சுரண்டணும்! புதுசாத் தண்ணி படாம வைக்கணும்! வெள்ளைத் துணியில துடைச்சாப் பழுப்பு வரக்கூடாது! அதுக்கப்புறம்தான்யா பிரைமர்! அதுக்கு முன்னாடி டப்பாவைத் தொடறவன் தொழில்காரனே இல்லை!”

வாடிக்கையாளர் முகம் சுருங்கிப்போய் நின்றார். பட்டறை ஆட்கள் தலை நிமிரவில்லை. அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, நான் தொழில் தெரியாதவ. ஒண்ணு கேட்கலாமா?”

“கேளு!” தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு மார்பு விரியும்.

“புகைன்னா இரும்புக்கு ஆகுமா?”

“புகையா? துருவுக்கு அண்ணன்!”

“அப்ப இத்தனை வருஷமா உங்களுக்குள்ள போன புகையை நீங்க எப்ப சுரண்டினீங்க?”

வெல்டிங்காரர் வாயைத் திறந்தார். பொறி வரவில்லை.

“சுரண்டாமலேயே கோட்டிங் மேல கோட்டிங்கா அடிச்சிருக்கீங்களே. அதுவும் தினம் புதுசாப் புகை விட்டுக்கிட்டு. இப்ப நீங்க சொன்னீங்களே, அப்படி அடிக்கிறவனுக்குப் பேரு என்னங்க?”

சும்மா இருப்பாரா அந்த வாடிக்கையாளர்? வாங்கிய திட்டு இன்னும் சூடாக இருந்தது. “மடையன்னு சொன்னாரும்மா. நான் என் காதால கேட்டேன்” என்றார் பணிவாக.

மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். வெல்டிங்காரர் சுத்தியலை எடுத்தார், வைத்தார். பட்டறையைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். தொழிலை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஒரு பயல் மதிக்க மாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். அவள் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியையும் எடுத்தாள்.

“அது எதுக்குடி?”

“சுரண்டறப்போ புதுசாத் தண்ணி படக்கூடாதுன்னீங்களே.”

“சுரண்டி முடிச்சதும் பாட்டிலைத் தந்துடணும்!”

“துணியில பழுப்பு வரலைன்னா நானே கையில தர்றேன். இங்க இத்தனை பேர் சாட்சி.”

அப்புறம் என்ன, சுரண்டல் தொடங்கியது. தட்டில் கீரை வந்தது. “இது நாரு, தேய்க்கிற பிரஷ் மாதிரி” என்பாள். கொய்யா வந்தது, பப்பாளி வந்தது, தோலோடு காரட் வந்தது. அவர் திட்டிக்கொண்டே தின்றார். புகை இல்லாததால் கோபம் இரட்டிப்பாகி, ஒருநாள் காரட்டை எதிரே வைத்துக்கொண்டு தனியாகச் சண்டை போட்டார். நர்ஸம்மா தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “விடாதீங்கண்ணே, அந்த வேகம் தணிஞ்சுடும்” என்பாள். “நீங்க வாயை மூடுங்க!” என்பார் இவர். உள்ளங்கை மெல்ல மெல்ல வெளுத்தது. விடியற்கால இருமல் இளைத்துக்கொண்டே வந்து ஒருநாள் வரவேயில்லை. அடுத்த அறையில் படுத்திருந்த தையல்காரி அன்றைக்குக் கொஞ்ச நேரம் அழுதாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

மழை ஓய்ந்த ஒரு விடுமுறை நாள். வெல்டிங்காரர் காலையிலேயே குளித்தார். நகக்கண்ணைக்கூடத் தேய்த்தார். காதுக்குப் பின்னால் சோப்புப் போட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கொலுவில் உட்கார்ந்த ராஜா மாதிரி கூடத்து நாற்காலியில் அமர்ந்தார்.

“ஏய், துணியைக் கொண்டு வா! இன்னைக்குப் பரீட்சை. ஒரு பொட்டுப் பழுப்பு வருதான்னு பார்த்துடலாம். அப்புறம் எடுடி என் பாட்டிலை!”

“இதோ வந்துட்டேங்க. வாசல் கேட் திறந்து கிடக்கு, சாத்திட்டு வர்றேன்.”

வெளியே கொக்கி கிரீச்சென்றது. உள்ளே வந்தாள். கையில் சுருட்டிய வெள்ளைத் துணி. அவர் கன்னத்தில் வைத்து, அவர் கம்பியில் இழுப்பாரே, அதே மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள். விரித்துக் காட்டினாள்.

பழுப்பு. நல்ல, கெட்டியான, அசல் துரு நிறம்.

அவர் துணியைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். மறுபடி துணியைப் பார்த்தார்.

“போய்ச் சுரண்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பழக் கிண்ணத்தை அவர் மடியில் வைத்தாள். மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

கிண்ணம் காலியான பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. வாசலுக்குப் பாய்ந்தார். கேட்டின் கொக்கியில், யாரோ துணியால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்த தடம், சுத்தமாக.

“அடியேய்!” தெருவே திரும்பிப் பார்த்தது. “துரு என் மேலயாடி இருந்தது? இந்தக் கேட்டு மேலதானடி இருந்தது!”

தையல் மிஷின் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து அவரிடம் ஒரு உப்புத்தாளை நீட்டியது.

“அப்ப அதையே சுரண்டுங்க.”