பியூஸ் கட்டையும் என் பெருவிரலும்

வையப்பமலை,
வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள மாப்பிள்ளை சின்னுசாமிக்கு,

உன் அக்காள் புருஷன் குமாரசாமி எழுதுவது. இடது கால் நீங்கலாக இங்கே நானும், முழுசாக உன் அக்காள் முத்தாயம்மாளும் சுகம். அயோத்தியாப்பட்டணத்தில் நீயும், தங்கச்சி அறிவுச்செல்வியும், உன் போர்வெல் ரிக் வண்டிகளும் பழுதில்லாமல் இருக்க மலை மேலிருக்கிற முருகன் துணை நிற்கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். சிரிக்கிறவனிடம் காலைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அதுவுமில்லாமல் காலை நீட்டிப் போட்டு நாளெல்லாம் கட்டிலில் கிடக்கிறவன் எதையாவது செய்ய வேண்டாமா? உத்தரத்தில் இருக்கிற ஆணிகளை எண்ணி முடித்துவிட்டேன். பதினேழு.

நீ கேட்டபடியே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை காரை அனுப்பு. விரலை எடுத்துவிடலாம். "ஒரே ஒரு விரலுங்க மச்சான், எடுத்துப்போட்டு வேலையப் பாருங்க" என்று பங்குனியிலேயே நீ சொன்னாய். அன்றைக்கு உன்னோடு நான் பேச்சை நிறுத்தியது தப்பு. செருப்பில் ஏறின ஆணி பகலெல்லாம் பெருவிரலுக்கடியில் குத்திக்கொண்டிருந்தும் தெரியாமல் சோளக்காடு முழுக்க நடந்துவிட்டு, சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் அது காலோடு சேர்ந்து வந்ததே, அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், சர்க்கரை என் காலை எனக்குத் தெரியாமலே எடுத்துக்கொண்டுவிட்டது என்று. ஆனால் மாப்பிள்ளை, கம்பம் ஏறினவனுக்குப் பெருவிரல்தான் பிடி. முப்பத்திநாலு வருஷம் லைன்மேனாக இருந்து எத்தனை கம்பத்தை அந்த விரலால் கவ்வியிருப்பேன்! இனி ஏறப்போவதில்லைதான். இருந்தாலும் அது இருக்கிறது என்பதில் ஒரு தைரியம். சரி, அந்தத் தைரியம் இனி வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெரிய டாக்டர் ஆறு வாரம் கெடு கொடுத்து, அதற்குள் புண் மூடாவிட்டால் எலும்பில் இறங்கிவிடும், விரலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லி, செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் இருக்கிற ஷாஹீன் என்கிற பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். ஆட்டோ உள்ளே போகாமல், மளிகை மூட்டைகளுக்கு நடுவே நொண்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒரு சின்ன மெஷினை எடுத்து வைத்து, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பட்டையும் கெண்டைக்காலில் ஒரு பட்டையும் ஒட்டி, "இதுல கரண்ட் உடணுங்கய்யா, தினம் ரெண்டு வேளை, ஒவ்வொரு மணி நேரம்" என்றது. எனக்கு வேர்த்துவிட்டது. கரண்ட்டைத் தொடாமல் இருந்ததால்தானே நான் பென்ஷன் வாங்குகிறேன்! அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். "நம்ம உடம்புலயே துளியூண்டு கரண்ட் இருக்குங்கய்யா. புண்ணு வந்தா, இங்க வந்து மூடுங்கன்னு அது கூப்பிடும். உங்களுக்கு அந்தக் கூப்பாடு சன்னமாயிடுச்சு. மெஷின் கொஞ்சம் ஒரக்கக் கூப்பிடும், அவ்ளோதான். எறும்பு ஊர்ற மாதிரிகூடத் தெரியாது" என்று சொல்லி அங்கேயே இருபது நிமிஷம் ஓட்டியும் காட்டியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதது நல்லதுக்கா கெட்டதுக்கா என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் முறைப்படி வேலையைத் தொடங்கினேன். அந்த மெஷினுக்கென்றே தனி லைன் இழுத்து, வாசலறைச் சுவரில் தனியாக ஒரு பியூஸ் வைத்தேன். எர்த்துக்காகக் கொல்லைப்புறம் மூன்றடி குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். புண்ணுக்காலோடு கடப்பாரை போட்டதற்கு உன் அக்காள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கட்டு நனைந்ததற்கு ஷாஹீன் போனிலேயே அழாத குறை. பிறகு லைன் கிளியர். கம்பத்தில் ஏறுமுன் பியூஸைப் பிடுங்கிக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் எங்கள் ஆள் கம்பியைத் தொடுவான், இறங்கின பிறகு "லைன் ரிட்டர்ன்" என்று சொன்னால்தான் பியூஸ் திரும்பப் போகும். வீட்டிலும் அதே சட்டம். நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு "லைன் கிளியர்!" என்பேன். முத்தாயம்மாள் வாசலறையில் பியூஸ் கட்டையைப் பிடுங்குவாள். பட்டைகளை ஒட்டிக்கொண்டு "லைன் ரிட்டர்ன்!" என்பேன். அவள் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். மெஷின் கால்மாட்டில், தூசு படாமல் துண்டு போட்டு மூடியிருக்கும். "பச்சை லைட் எரியுதா?" என்று கேட்பேன். துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எரியுதுங்க, எரியுதுங்க" என்பாள். எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு: கிளியர் நேரம், ரிட்டர்ன் நேரம், உன் அக்காள் கையெழுத்து.

அந்த ஒரு மணி நேரமும் உன் அக்காள் ஒரு கையை முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பாள். எனக்காக அங்காளம்மனை வேண்டுகிறாள் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவெல்லாம் அடுத்த வீட்டு அத்தாயியால்தான். ஒரு நாள் அவள் வந்த சமயம் நான் காபி குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன். "ஐயோ அண்ணா, அதக் கீழ வைங்க! உங்க கையில வாங்குனா எனக்கும் அடிக்குமுங்களா?" என்று வாசல்வரை பின்னோக்கியே நடந்து போனாள். அதற்குப் பிறகு தெருவில் எவரும் எனக்குக் கை கொடுப்பதில்லை.

இப்படியாக இருபத்தொரு நாள், நாற்பத்திரண்டு வேளை. நேற்று நர்ஸம்மாள் கட்டுப் பிரித்து ஸ்கேல் வைத்து அளந்தது. போன மாதம் எவ்வளவோ அவ்வளவேதான், ஒரு நூல் குறையவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. விரலோடு நிற்குமா, பாதம், கணுக்கால் என்று ஏறுமா என்று படுத்தாலும் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு. உன் அக்காள் சமையலறையில் அழுகிறாள், கேட்டால் வெங்காயம் என்கிறாள். இன்றைக்கு ரசம் மட்டும்தான். இந்தக் கரண்ட் வைத்தியம் ஊரை ஏமாற்றுகிற வேலை, எவனுக்கும் சிபாரிசு செய்யாதே. நீ சொன்னதே சரி. திங்கட்கிழமை, ஏழு மணிக்குள் கார்.

தங்கச்சி அறிவுச்செல்விக்கு என் ஆசி. உன் ரிக் தோண்டுகிற குழியெல்லாம் தண்ணீர் காணட்டும். ஒரு விரல் குறைந்தாலும் உறவு குறையாத,

உன் மச்சான்
வை. குமாரசாமி
(ஓய்வு பெற்ற லைன்மேன்)

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, மெஷினைத் திருப்பிக் கொடுக்க ஷாஹீனைப் போனில் கூப்பிட்டேன். "சாதாரண பிளக்குல சொருகுங்க, எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு அதுலயே காட்டும், படிங்கய்யா" என்றது. கூடத்துப் பிளக்கில் சொருகி, கண்ணாடி போட்டுப் படித்தேன். இருபது நிமிஷம். செவ்வாய்ப்பேட்டையில் அந்தப் பெண் ஓட்டிக் காட்டினாளே, அதே இருபது நிமிஷம். அதற்குமேல் ஒரு நொடி கிடையாது. முப்பத்திநாலு வருஷம் சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருந்தவன், என் காலுக்கு மட்டும் அதை வைத்துப் பார்க்கவில்லை.

முத்தாயம்மாளைக் கூப்பிட்டேன். அவள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். பியூஸ் கட்டை. பிடுங்கினதை ஒரு வேளைகூட அவள் திரும்பப் போடவில்லையாம்! நாற்பத்திரண்டு பொய்க் கையெழுத்து. வேலையிலிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். சத்தம் போட வாயைத் திறந்தேன். "ஏனுங்க, உங்களோட வேலை பார்த்த தனபாலண்ணன் கம்பத்துல இருக்கையில எவனோ மோட்டார் ஓடலீன்னு பியூஸப் போட்டு, அவரு கம்பத்துலயே போயிட்டாருன்னு, அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அழுதுக்கிட்டே என்ன சொன்னீங்க? ஆளு லைன்ல இருக்கையில பியூஸத் தொடுறவன் கை வெளங்காதுன்னு சொன்னீங்களா இல்லீங்களா? நீங்க கம்பியோட படுத்திருக்கீங்க, நான் எந்தக் கையாலங்க போடறது?" என்றாள். மெமோவை மறந்து மறுபடியும் போனை எடுத்தேன்.

ஷாஹீனிடம் விஷயத்தைச் சொன்னேன். "கெடுல இன்னும் மூணு வாரம் இருக்குங்கய்யா, டாக்டர்கிட்ட நான் பேசுறேன், இன்னிக்கே ஆரம்பிங்க" என்றது. பியூஸ் போட முத்தாயம்மாள் மாட்டேன் என்றாள். அத்தாயியைக் கூப்பிட்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையில் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு போட்டாள். அதற்கு முன்னாலேயே உன் அக்காள் கட்டிலுக்கு வந்து, "அடிச்சா ரெண்டு பேரையும் சேத்து அடிக்கட்டுமுங்க" என்று என் பெருவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது எனக்குத் தெரியவில்லை மாப்பிள்ளை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பச்சை லைட் எரிகிறது, துண்டில்லாமல் நானே பார்க்கிறேன். இதை எழுதும்போது நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அவள் இன்னும் விடவில்லை.

திங்கட்கிழமை கார் அனுப்பாதே.