மூன்று முறை வழி தவறியவர்

அன்று பயிற்சிக் கூடத்தின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெரியப்பா, அவருடைய தம்பி மகன், சம்பந்தம் பேச வந்த பெண்ணின் அப்பா, அம்மா, பெண், கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர் அம்மாள், ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், வாசலில் தேநீர்க் கோப்பையோடு கூடத்து ஜீப் டிரைவர். வேறு யாரும் இல்லை. 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று சொல்லித் திரிகிற உறவினர்கள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

பெரியப்பா எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் யாரும் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. வந்தவர் சுவரைப் பார்த்தார். ஒரு நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார்.

மருத்துவமனை எட்டாத காட்டிலும் மலையிலும் அடிபட்டவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக் கொடுக்கிற கூடம் அது. சுவர் முழுக்கப் பயிற்சியாளர்களின் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு பலகை. அதில் படிப்பு, பட்டம் எதுவும் இருக்காது. என்ன பட்டுத் தெளிந்து வந்தவர் என்பது மட்டும் இருக்கும். தம்பி மகனின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது:

'காட்டில் மூன்று முறை வழி தவறியவர். கூட வந்தவரின் முறிந்த கணுக்காலைத் தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டவர்.'

"என்னம்மா இது?" என்றார் பெரியப்பா.

"அவரோட தகுதிங்க ஐயா" என்றார் தலைமைப் பயிற்சியாளர் அம்மாள்.

"தொலைஞ்சு போறது ஒரு தகுதியா?"

"எங்களுக்குத் தகுதிதான். நான் ஆம்புலன்ஸ் ஓட்டிட்டு இருந்தவ. அதோ, அந்தப் படத்துல இருக்கிறவர் மலை விடுதியில சமையல்காரர். தீக்காயம்னா அவர்தான் பாடம் எடுக்கணும். தொலைஞ்சவங்க எப்போ பதறி ஓடுவாங்க, எப்போ உட்கார்ந்து அழுவாங்கன்னு உங்க பையனுக்குத்தான் தெரியும்."

"அவன் அழுதானா?"

"அது பலகையில இல்லைங்க."

அழுதிருந்தாலும் அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம். பெரியப்பாவின் கவலை வேறு. "பையன் மருத்துவம் சொல்லித் தர்றான்" என்று அவர் பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர்கள்தான் அதை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் என்று எடுத்துக்கொண்டார்கள். மரியாதைக்குரியவர்களைத் திருத்துவது அழகில்லை என்று இவர் விட்டுவிட்டார். இவ்வளவு நல்ல இடம் இதற்கு முன் தானாக வந்து அமைந்ததும் இல்லை. எங்கேயோ கேள்விப்பட்டதாகச் சொல்லி, பெண்ணே தன் வீட்டில் எடுத்துக் கொடுத்த வரன்.

அம்மாள் உள்ளே போனதும் பெரியப்பா எழுந்தார். தம்பி மகனின் படத்தைக் கழற்றினார். 'முப்பது ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர்' என்ற பலகைக்கு மேலே மாட்டினார். அங்கிருந்த வழுக்கைத் தலைக்காரரின் படம், வழி தவறியவரின் இடத்துக்குப் போனது.

கையைத் துடைத்துக்கொள்வதற்குள் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்.

"பார்த்து வாம்மா, படி இருக்கு" என்றார் பெண்ணின் அம்மா. பிறகு பெரியப்பாவிடம், "குளியலறையில வழுக்கிக் கணுக்காலை முறிச்சுக்கிட்டா. இப்பத்தான் தேறி வர்றா."

பெண்ணின் அப்பா எதையும் படிக்காமல் விடுகிறவர் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நகர ஆரம்பித்தார்.

"அப்பா, அதெல்லாம் அப்புறம் பார்க்கலாமே" என்றாள் பெண். அடக்கமான பெண் என்று பெரியப்பாவுக்குத் திருப்தி.

"முப்பது ஆண்டுகள் அறுவை சிகிச்சை" என்று அப்பா உரக்கப் படித்தார். "மாப்பிள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?"

"முப்பத்தொண்ணு."

"ஒரு வயசுலயே ஆரம்பிச்சுட்டாரா?"

"எங்க குடும்பத்துல எல்லாரும் சீக்கிரமே பொறுப்புக்கு வந்துடுவாங்க" என்றார் பெரியப்பா.

அப்பா யோசித்தார். பிறகு சட்டைக் காலரைத் தளர்த்தினார். "அப்போ மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூப்பிடுங்க. கழுத்துல ஒரு கட்டி. எடுக்கணுமா வேண்டாமான்னு சொல்லட்டும்."

"சொந்தக்காரங்களுக்கு அவன் வைத்தியம் பார்க்கிறதில்லைங்க. அது எங்க குடும்பக் கட்டுப்பாடு."

"நாம இன்னும் சொந்தமாகலையே."

அந்த நேரம் பார்த்து வழுக்கைத் தலை மருத்துவர் அந்தப் பக்கம் போனார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் கழுத்தை அமுக்கிப் பார்த்து, "வெறும் கொழுப்புக் கட்டி. தொந்தரவு இல்லேன்னா விட்டுடுங்க" என்றார்.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "நீங்க மூணு தடவை தொலைஞ்சு போனவர்தானே?"

"நானா? வீட்டை விட்டா ஆபரேஷன் தியேட்டர், அதை விட்டா வீடு. நான் எங்கே தொலையறது?"

"அவருக்குக் கொஞ்சம் ஞாபக மறதி" என்றார் பெரியப்பா தாழ்ந்த குரலில்.

"மறதிக்காரர் கையிலயா என் கழுத்தைக் கொடுத்தீங்க?"

"யாருக்கு மறதி?" என்றார் மருத்துவர், சற்றும் தாழாத குரலில்.

சத்தம் கேட்டுத் தம்பி மகன் வகுப்பிலிருந்து வந்தான். தோளில் கட்டுத் துணிச் சுருள்கள் தொங்கின. நேராகச் சுவரைப் பார்த்தான்.

"பெரியப்பா, என் படம் ஏன் டாக்டர் இடத்துல இருக்கு?"

"காத்துல மாறியிருக்கும்."

"ஆணியில மாட்டின படமா?"

அவன் இரண்டு படங்களையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினான். பெண்ணின் அப்பா வழி தவறியவரின் பலகையை மறுபடியும் ஒருமுறை சத்தமில்லாமல் படித்தார். கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"டாக்டர் இல்லேன்னாக்கூடப் பரவாயில்லைங்க. வழி தெரியாத ஆளுக்கு எப்படிப் பொண்ணு கொடுக்கிறது? எங்க பொண்ணு மலையேறுற கூட்டத்துக்கு முன்னால நடந்து வழி காட்டுறவ. இதுவரைக்கும் ஒருத்தரைத் தொலைச்சதில்லை. எழுந்திரும்மா, போகலாம்."

பெண் எழுந்திருக்கவில்லை. கணுக்காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தம்பி மகன் கட்டுத் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

வாசலில் டிரைவர் கடைசி வாய்த் தேநீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு வழி தெரியாதுன்னு யாருங்க சொன்னது? மூணு தடவையும் தேடிப் போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தவன் நான், தொலைஞ்ச மூணு தடவையும் முன்னால நடந்து வழி காட்டினது இந்தப் பாப்பாதான்."