நண்டுக்குக் குறி போட்ட கதை

தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டு திரிகிற வயதில் மனிதன் செய்யாத வேலை கிடையாது. நான் மட்டக்களப்பு வாவி நண்டுகளுக்கு நகப்பூச்சு பூசினேன்.

யுத்த காலம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதி வருடம். பெரிய நண்டுகளையே பிடித்துத் தின்றால், சிறிதாக இருக்கும்போதே முட்டையிடுபவைதான் மிஞ்சும். தலைமுறைகள் போகப்போக நண்டே சிறுத்துவிடும் என்பது என் வாதம். (பரிணாமத்தை நானே கண்டுபிடித்ததுபோல் வீட்டில் கதைத்துத் திரிந்தேன்.) அதை நிரூபிக்க வருடாவருடம் கணக்கெடுக்க வேண்டும். முதலில் நண்டுகளுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி பிடிப்பது. அடையாளம் உள்ளவை எந்த அளவுக்கு அகப்படுகின்றனவோ, அதை வைத்து வாவியின் மொத்தத் தொகையைக் கணிக்கலாம். இது பிழையாகிப்போனால் எனக்குப் பட்டம் இல்லை.

அக்காவின் சிவப்பு நகப்பூச்சைக் காலியாக்கி, நாவற்குடாக் கரையில் நண்டுகளை விட்டேன். விடுதிக்குத் திரும்பியவன் சுற்றிவளைப்பு, ஊரடங்கு, பாதை மூடல் என்று அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

பாதை திறந்து வீடு வந்த அன்று அம்மா குசினியில் நண்டுக்கறி சமைத்து வைத்திருந்தார். விடுதிப் பருப்பில் செத்துப்போயிருந்த நாக்கு உயிர்த்தது. சட்டியையும் வழித்துத் தின்றேன்.

கை கழுவும்போது வாவியில் தொழில் செய்யும் சின்னவன் மாமா ஓலைப்பெட்டியோடு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, மருமகன்ட நண்டு இன்னும் ரெண்டு வலையில பட்டிச்சு."

பெட்டிக்குள் சிவப்புப் பொட்டோடு என் ஆராய்ச்சி காலை உதறியது.

"இத ஏன் மாமா இஞ்ச கொண்டு வாறீங்க?"

"என்ன மருமகன், குறி சுட்ட மாட்ட நாங்க வச்சிருப்பமா? உரியவருக்குக் குடுக்கத்தானே வேணும். கரையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

எங்கள் பக்கத்தில் மாடுகள் அவிழ்த்துவிட்டபடி மேயும். வழிதவறி வந்தால் குறியைப் பார்த்துச் சொந்தக்காரரிடம் சேர்த்துவிடுவார்கள். படித்த எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அம்மாவைப் பார்த்தேன்.

"ஓம் மனே. கடையெல்லாம் பூட்டு. உன்ட நண்டுதான் எங்களக் காப்பாத்தின. அந்தச் சிவப்பச் சாம்பல் போட்டுத் தேச்சே என்ட கை போச்சு."

பேராசிரியர் கேட்டார்: "எத்தனை வீதம் திரும்ப அகப்பட்டது?"

"நூறு வீதம் சேர். எங்கட குசினியில."

அவர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். பட்டம் பிந்தியது. ஆனால் ஊரார்மீது எனக்குக் கோபம் வரவில்லை. போனது எதுவும் திரும்பி வராத அந்த நாட்களில் என் நண்டுகளை மட்டும் தேடிக் கொண்டுவந்து தந்தார்கள். அவற்றையும் நான் தின்றுவிட்டேன்.

இப்போது வாவிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கிறேன். நான் புறப்படும்போதெல்லாம் அம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பார்:

"கொக்குக்கும் கொஞ்சம் பூசிவிடு மனே, கறிக்கு ஒண்டுமில்ல."