கன்னத்துக்குள் ஒரு வைத்தியசாலை

நம் ஊர் பனியன் கம்பெனிகளில் ஒரு ஜீவராசி உண்டு: வாய்ப்புண் வைத்தியர். படித்தது மூன்றாம் வகுப்பு. வைத்தியம் பார்ப்பது முந்நூறு பேருக்கு. பஞ்சுக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் முதலாளி தோலை உரித்துவிடுவார் என்பதால், காலைச் சங்குக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் இடது கன்னத்தில் குடிவைப்பவர், மத்தியானச் சோற்றுக்குத்தான் காலி செய்வார். யாராவது வாய் எரிகிறது என்றால் போதும். உடம்புச் சூடு, கத்தரிக்காய், கொழுந்தியாள் வைத்த கண்ணு என்று காரணங்களை அடுக்குவார். புகையிலையை மட்டும் சொல்லமாட்டார். கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பாரா?

வீரபாண்டி ஆறுச்சாமி, கட்டிங் மாஸ்டர், இந்த ரகத்தில் உச்சம். அவர் கன்னத்துக்குள்ளேயே ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? புண்ணின் மேலேயே புகையிலையை வைத்து அழுத்துவது! மரத்துப்போகிறதாம். மரத்துப்போனால் குணமாம்.

"ஏனுங்க, கன்னத்தத் தொட்டாக் கல்லாட்டம் இருக்குதுங்களே, டாக்டருகிட்டக் காட்டலாமுங்க" என்றாள் மனைவி மயிலாத்தாள்.

"வலிச்சாத்தான் புள்ள நோவு. இது வலிக்கவே இல்லியே!"

"அப்ப வாய முழுசாத் தொறங்க, பாக்கலாம்."

திறந்தார். இரண்டு விரல்கூட நுழையவில்லை. மயிலாத்தாள் அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. கையோடு இழுத்துக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். "கட்டியில ரெண்டு ரகமுங்க. ஒண்ணு தன் காட்டுக்குள்ளயே அடங்கிக் கெடக்கும். இன்னொண்ணு வரப்பத் தாண்டி அடுத்த காட்டுல பூந்துரும், விட்டா அசலூருக்கும் குடி போயிரும். இது எந்த ரகமுன்னு துளி வெட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"கத்தி பட்டாப் பரவுமுங்களே டாக்டர்!" டாக்டருக்கே வைத்தியம் சொன்னார் நம்மவர்.

"மூணு மாசமா வளந்துச்சே, அதுக்கு எந்தக் கத்திங்க பட்டுச்சு?"

ஆயுளில் முதல் தடவையாக ஆறுச்சாமி இன்னொருத்தர் வைத்தியத்துக்குத் தலையாட்டினார்.

வெட்டிப் பார்த்தார்கள். புற்றுதான். நல்ல வேளை, வரப்பைத் தாண்டவில்லை. கன்னத்தில் ஒரு துண்டோடு போயிற்று. அதற்கப்புறம் ஒரு மாதம் அவருக்குப் பேச்சில்லை. கம்பெனியில் அந்த மாதம் ஒருத்தருக்கும் உடம்புச் சூடே இல்லை!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே அந்த வெள்ளைத் திட்டு என்ன?

"அது சும்மா, சூடா டீ குடிச்சதுங்க" என்கிறீர்களா?

வாங்க வைத்தியரே, உட்காருங்க!