பந்தியில் ஓடிய சிமுலேஷன்

அலுவலகத்தில் கைதட்டல் வாங்கிய வித்தையை வீட்டு விசேஷத்தில் காட்ட ஆசைப்படுவது ஆபத்து.

ஏராளமான கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைப் பகிர்ந்து செய்யும்போது எங்கே நெரிசல் வரும் என்பதை, அவற்றை வாங்கும் முன்பே ஒரு லேப்டாப்புக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். சிமுலேஷன் என்பார்கள். (அம்மாவுக்கு அது வீடியோ கேம்.)

தங்கை கலையின் கல்யாணம் அம்பத்தூரில், ஆவணி வளர்பிறையில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கிழமை, திதியில் நான் தவறுவதில்லை. தவறுவதற்குத்தான் பந்தி இருந்ததே. அப்பா அதை என்னிடம் ஒப்படைத்திருந்தார். இலைகளைக் கணினிகளாகவும் விருந்தினரை வேலைகளாகவும் வைத்து ஓட்டினேன். வரிசை முழுக்க எழும்வரை காத்திராமல், காலியாகும் இலையில் உடனே அடுத்தவரை உட்கார வைத்தால் யாரும் நிற்கவே வேண்டாம் என்றது திரை.

சாப்பிட்டு முடித்தவர் எழுந்துவிடுவார் என்பது என் கணக்கு. பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கும் நம் வழக்கத்தை நான் சேர்க்கவில்லை. கணக்கு பொய்க்கக் கூடாதே என்று, இலையை மூடியவர்களை நானே தோளைத் தொட்டு எழுப்பினேன். ஓர் இலையில் மோர், அடுத்ததில் அப்போதுதான் உப்பு. குழம்பிப்போன சாம்பார் வாளிக்காரர், யாரோ ஒருவரின் பாயசத்தின் மேலேயே ஊற்றினார்.

அந்தப் பாயசத்துக்குச் சொந்தக்காரர், மாப்பிள்ளையின் பெரியப்பா. பட்டாபிராமிலிருந்து குடும்பமாக வந்தவர்களை, ஆளுக்கொரு மூலையாகப் பிரித்து உட்கார வைத்திருந்தேன்.

"காலி சீட்டா பாத்து குந்த வெக்கிறியே, இது இன்னா தம்பி, ஐயப்பன்தாங்கல் பஸ்ஸா?" என்று எழுந்தார். சம்பந்தி வீடு மொத்தமும் அவர் பின்னால் வாசலுக்கு நடந்தது. சாப்பிடாமல் போய்விட்டால், கலை அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவாள்? நான் விளக்கம் சொல்ல லேப்டாப்பைத் திறந்தேன். (ஆம், அப்போது.)

"அண்ணா, அத மூடு." மாலையும் கழுத்துமாக வந்த கலை, பெரியப்பாவின் கையைப் பிடித்தாள். "நானும் இன்னும் சாப்டல மாமா. எனக்குப் பக்கத்துல உக்காருங்க."

புது வரிசை போட்டோம். கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் எழவில்லை.

இப்போதும் பட்டாபிராம் விருந்துகளில் நான் சாப்பிட்டு முடித்து லேசாக அசைந்தால் போதும், பெரியப்பா தோளை அழுத்துவார்.

"குந்துப்பா. கம்ப்யூட்டர் எழுந்துக்க சொல்லிச்சா?"

வரிசையே சிரிக்கும். அவர் நிதானமாக, இன்னொரு கரண்டி ரசம் கேட்பார்.