கடுகண்ணனின் நூற்று எழுபத்து நாலாவது எழுத்து

கெடா மாநிலத்து ரப்பர் மரங்களை எல்லாம் நிற்கவைத்து, ஒரே நாளில் ஒன்றுவிடாமல் திட்டித் தீர்க்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் பிறந்தார், பிள்ளைகளே. அவர் கடுகு. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். திகாம் பத்துப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அதை யாரும் கேட்டதில்லை. சட்டி சூடாவதற்கு முன்பே வெடிக்கிற கடுகு அவர். முகத்துக்கு நேரே கடுகண்ணே, முதுகுக்குப் பின்னால் கடுகு.

கோழி கூவினால், "உன்னை எவன்டா கேட்டான்?" என்பார். மழை பெய்தால் மழையைத் திட்டுவார். மழை நின்றால், "ஏன் நின்ன?" என்பார். ஆனால் அவர் அதிகமாகத் திட்டியது தம் வலது கட்டைவிரலை.

அதற்குக் காரணம் இருந்தது. அது ஜப்பான்காரன் காலம். அரிசி மருந்துக்குக்கூடக் கிடைக்காது. ரப்பர் வாங்க ஆளில்லை, பாதி மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஒரு தாளை நீட்டினார். "அரிசி அட்டை. வீட்டுக்குப் பெரியவன் கைநாட்டு வைலா" என்றார். கடுகண்ணன் வைத்தார். அது அரிசி அட்டை இல்லை. அவர் தம்பியைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புவதற்கான சம்மதம். மறுநாள் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனில் ரயில் ஏற்றப்பட்ட தம்பி திரும்பவேயில்லை. பசித்தவனிடம் அரிசி என்று சொல்லியா ஏமாற்றுவது? இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு வாரம் போனது. விடியும் முன் கடுகண்ணன் என் வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போது இருபது வயது. தோட்டப் பள்ளியில் நாலாவது வரை படித்திருந்ததால் எங்கள் லயத்து வீடுகளில் நான்தான் பண்டிதன்.

"டேய், எழுத்து மொத்தம் எத்தனைடா?"

"இருநூத்து நாப்பத்தேழுண்ணே."

"எந்தப் படுபாவிடா உக்காந்து இத்தனை பண்ணினான்? வேற வேலை இல்லையா அவனுக்கு?" மூச்சு வாங்கினார். "சரி. ஒரு நாளைக்கு ஒண்ணு. தினம் காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் எண்ணுறதுக்கு முன்னாடி வருவேன். இனிமே எவன் தாளை நீட்டினாலும் நானே வாசிப்பேன்."

"ஒரே நாள்ல பத்துகூடப் படிக்கலாம்ணே."

"ஒண்ணுன்னா ஒண்ணுலா! பத்தை அள்ளிப் போட்டா பத்தும் ஓடிப்போயிரும். ஒண்ணைப் புடிச்சு அமுக்கி உக்கார வெச்சாத்தான் நிக்கும்."

வந்தார். தினமும் வந்தார். அடுப்புக்கரியைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சுருட்டு மாதிரி இடுக்கிக்கொண்டு பலகைச் சுவரில் எழுதுவார். கட்டைவிரல் கரியைத் தொடக் கூடாது. "அந்தத் துரோகி இதுல தலையிடப்படாது." மண்வெட்டி பிடிக்க மட்டும் அதற்கு அனுமதி. பிறகு நாள் முழுக்க, மரவள்ளி நட்ட ஒவ்வொரு மேட்டிலும் அன்றைய எழுத்தைக் குச்சியால் கீறிக்கொண்டே போவார். தெரியாமல் மிதித்தவன் செத்தான்.

பத்தாம் நாள் மலேரியாக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, பல் கிடுகிடுக்க 'ஒ' எழுதினார். நடுக்கத்தில் வால் சுழிந்து 'ஓ' ஆகிவிட்டது.

"நாளைக்கு உள்ளதை இன்னைக்கே எழுதிட்டீங்கண்ணே" என்றேன்.

"நாளைக்கு உள்ளது நாளைக்குத்தான்!" என்று அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

நாற்பத்து நாலாம் நாள் 'ங' வந்தது. மறுநாள் ஙா. அப்புறம் ஙி, ஙீ. ஆறாம் நாள் வெடித்தார். "ஙா, ஙி, ஙீ! டேய், இது எழுத்தா, பல்வலியா?"

"யாரும் எழுதறதில்லைண்ணே. விட்டுரலாம்."

"விடறதா? அவனுங்க தாள்ல இதை ஒளிச்சு வெச்சிருந்தா?"

பன்னிரண்டு நாளும் அந்தப் பல்வலியைப் பொறுத்துக்கொண்டார். உங்களில் யாராவது நாலு நாள் வாய்ப்பாடு சொல்லிவிட்டு, மண்டையில் ஏறவில்லை என்று புத்தகத்தை மூடினால், எனக்கு வரும் கோபத்துக்குக் காரணம் இந்த மனிதர்தான்.

நூற்று எழுபத்து நாலாம் நாள். காலையில் 'ரோ' எழுதிவிட்டுப் பெரட்டுக்குப் போனோம். அங்கே ஒரு லாரி நின்றது. அதன்மேல் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். கீழே மேசை போட்டு அதே கிராணி.

"அரிசி அட்டை புதுசு பண்ணணும். சீக்கிரம் வெரலை வைங்கலா!"

நாற்பது பேர் வரிசையில் நின்றோம். முதல் ஆள் கடுகண்ணன், பின்னால் நான். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாளில் இருந்ததை முழுக்க வாசித்தேன். துப்பாக்கியையும் பார்த்தேன். பிள்ளைகளே, மறைக்காமல் எழுதுகிறேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தெரிந்த என் வாயிலிருந்து ஒரு எழுத்து வெளியே வரவில்லை.

கிராணி அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தப் போனார். கடுகண்ணன் கையை உதறினார்.

"இரு. வாசிக்கணும்."

"யாரு, நீயா? வாசிலா, வாசி!" கிராணி சிரித்தார்.

கடுகண்ணன் சுட்டுவிரலைத் தாளில் ஊன்றினார். "ச... யா... ம்."

கிராணியின் சிரிப்பு நின்றது.

"ர... யி... ல். பா... தை." அடுத்து 'வே' இருந்தது. வேலைக்கு என்பதன் 'வே'. அது அவருக்கு இன்னும் வராத எழுத்து. முட்டி நின்றார். கிராணி தாளைப் பிடுங்கினார்.

"அடுத்தது இன்னும் என் நாளுக்கு வரலடா!" என்று தோட்டமே அதிரக் கத்தினார் கடுகண்ணன். "ஆனா இதுவே போதும்! சயாமுக்குடா! ஓடுங்கடா!"

நாற்பது பேரும் நாற்பது திசையில் ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்தோம். சிப்பாய் குதித்து இறங்கித் துப்பாக்கிக் கட்டையால் அவர் முகத்திலேயே அடித்தான். அவர் விழுந்தார். செத்தார் என்று அவரைப் போட்டுவிட்டு எங்களைத் துரத்தினார்கள். ஒருத்தரும் அகப்படவில்லை. லாரி காலியாகப் போனது.

நான் திரும்பி வந்து அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்திருந்தது.

"தம்பி" என்றார். என்னை அவர் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. "சரியாத்தானே வாசிச்சேன்?"

"சரிண்ணே." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நானும் வாசிச்சேண்ணே. உங்களுக்கு முன்னாடியே. பயந்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. அவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார்.

"நாளைக்கு என்ன எழுத்து?"

"ரௌண்ணே. ரௌத்திரம்னு சொல்லுவாங்களே, அந்த ரௌ."

"அப்டின்னா?"

"கோபம்ணே."

கிழிந்த உதட்டோடு சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை. எவ்வளவு அழகான மனிதர்!